இடது முழங்காலுக்கு ஒரு மேல்முறையீடு

விசாரணை அறையில் இருந்தவர்கள்: மனுதாரர் குணசீலன், வயது ஐம்பத்தொன்று. அவர் மனைவி செண்பகவல்லி, ஒரு கால் நல்லது, இன்னொன்றுக்கு ஊன்றுகோல். 'கைநிறை' பணப்பட்டுவாடா நிறுவனத்தின் சார்பில் பதிலி என்ற இயந்திரம். சட்டப்படி அறையில் இருந்தே ஆகவேண்டிய மேல்முறையீட்டு மனிதர் பிலோமினா. மேசைமேல், திறந்த பெட்டிக்குள், ஒரு வலது முழங்கால். அதன் சில்லில் மஞ்சளும் குங்குமமும்.

செவ்வாயின் மூன்றாம் குமிழில் முழங்கால் வாங்குவது நாம் செருப்பு வாங்குவது மாதிரி. குமிழ் என்பது கண்ணாடிக் கூரை போட்ட ஊர். கூரைமேல் சிவப்புப் புழுதி ஓயாமல் படியும். துடைக்காவிட்டால் உள்ளே வெளிச்சம் இல்லை, கீரை இல்லை, மூச்சும் கொஞ்சம் சந்தேகம். துடைப்பவர்கள் அந்த வளைவில் நாள் முழுக்க மண்டியிட்டே நகர்வார்கள். ஆறேழு வருடத்தில் மூட்டு தேய்ந்துவிடும். தேய்ந்ததைக் கழற்றிவிட்டு நகல்மூட்டு ஒன்றைப் பொருத்திக்கொண்டு மறுவாரமே கூரை ஏறுவார்கள். செண்பகவல்லிக்குத் தேய்ந்தது இடது.

வெள்ளிக்கிழமை காலை அவருக்கு மருத்துவமனையின் பொருத்துமேசையில் இடம் கிடைத்திருந்தது. தவறவிட்டால் அடுத்தது பதினான்கு மாதம் கழித்துத்தான். கூரை ஏற முடியாதவர்களை அமர்வுப் பட்டியலில் சேர்த்து, வீட்டைக் காலிசெய்யச் சொல்லி, தரைக்கடியில் இரண்டாம் தளத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே ஜன்னல் கிடையாது. போனவர்கள் மேலே திரும்பி வந்ததாக யாருக்கும் நினைவில்லை. முதல் குமிழின் கடையில் ஓர் இடது முழங்கால் இருப்பில் இருந்தது. கைநிறை பணத்தைத் திருப்பித் தந்தால் உடனே வாங்கிவிடலாம். அன்று புதன்.

கைநிறையின் வேலை எளிது. வாங்குபவர் பணத்தை அதனிடம் கட்டுவார். பொருள் சரியென்றால் பணம் விற்றவருக்குப் போகும், தவறென்றால் வாங்கியவருக்குத் திரும்பும். எது சரி, எது தவறு என்பதைப் பதிலி முக்கால் நொடியில் முடிவுசெய்யும். இடது கேட்டவருக்கு வலது வந்தால் இதில் முடிவுசெய்ய என்ன இருக்கிறது என்று தோன்றும். குணசீலனுக்கும் அப்படித்தான் தோன்றியது.

சிக்கல் அவர் எடுத்த வீடியோவில் இருந்தது. பெட்டி பிரிப்பதை வீடியோ எடுக்காவிட்டால் புகார் செல்லாது என்பது பூமியிலிருந்து நாம் பத்திரமாகக் கொண்டுபோன நாகரிகங்களில் ஒன்று. இன்னொன்று, வீட்டுக்குள் வரும் எந்தப் புதுச் சாமானுக்கும் பொட்டு வைப்பது. ஃப்ரிட்ஜுக்கு வைத்தோம், பைக்குக்கு வைத்தோம், முழங்காலை மட்டும் விட்டுவிடுவோமா. பதினோரு நிமிட வீடியோவில் ஒன்பது நிமிடம் பூஜை. குமிழுக்குள் நெருப்பு கூடாது என்பதால் குணசீலன் கற்பூரத்துக்குப் பதிலாக ஒரு மஞ்சள் பல்பைச் சுற்றிக் காட்டுகிறார். பின்னாலிருந்து செண்பகவல்லியின் குரல் தெளிவாகக் கேட்கிறது: "மொதல்ல அது எந்தக் காலுன்னு பாருங்க." அவர் பார்க்கவில்லை. நல்ல நேரம் முடிய நான்கு நிமிடம்தான் இருந்தது. வைத்து முடித்த பிறகு பார்த்தார்.

பதிலியின் தீர்ப்பு ஒரே வரி. காரணம் எண் ஒன்று: வாங்கியவர் பொருளை மாற்றியமைத்திருக்கிறார், பணம் திரும்பாது.

விசாரணையில் குணசீலன் இருபது நிமிடம் பேசினார். ஈரத்துணியால் துடைத்தால் குங்குமம் போய்விடும் என்று சொல்லி, துடைத்தும் காட்டினார். முழுக்கப் போகவில்லை. கைநிறையின் உள்விவகாரம் தனக்கு அத்துப்படி என்றார். பதிலி வருவதற்கு முன் இதே நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் புகார் தீர்ப்பவராக இரவுப்பணி பார்த்ததாகவும், மனசாட்சி உறுத்தியதால் ஒருநாள் பாதியில் எழுந்து வெளியேறியதாகவும் சொன்னார். உறுத்தியது மனசாட்சி அல்ல, முதுகு. பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. பதிலி நாகரிகம் கருதி அதைச் சொல்லவில்லை.

"பொட்டு வெச்சா பழைய சாமான்னு எந்த மடையன் முடிவு பண்ணினான்? அவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்," என்றார் குணசீலன்.

"தாங்கள் கேட்பதால் சொல்கிறேன்," என்றது பதிலி. "நான் எதையும் சொந்தமாக முடிவுசெய்வதில்லை. எனக்கு முன் இங்கே வேலை பார்த்த மனிதர்களின் தீர்ப்புகளிலிருந்து கற்றுக்கொண்டேன். பொட்டு வைத்த பொருள்களைப் பற்றி ஒன்பதாயிரத்து நூற்றிருபது தீர்ப்புகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் காரணம் எண் ஒன்று. எல்லாம் ஒரே பணியாளர் வழங்கியவை. எண் நான்காயிரத்து நானூற்று எழுபத்தொன்று."

குணசீலனின் கை தன் கழுத்துக்குப் போனது. அந்த எண்ணை அவர் நான்கு ஆண்டுகள் கழுத்தில் மாட்டியிருந்தார்.

புகாரை நிராகரிக்க மொத்தம் இருபத்திரண்டு காரணங்கள் இருந்தன. ஓர் இரவில் நானூறு புகார்கள் முடித்தாக வேண்டும். பட்டியலில் மேலே இருந்ததால் காரணம் ஒன்றுக்கு விரல் அதிகம் நகர வேண்டியதில்லை. அவ்வளவுதான். அதில் வேறு கொள்கை எதுவும் கிடையாது.

செண்பகவல்லி கணவரைப் பார்க்கவில்லை. பிலோமினாவிடம்தான் சொன்னார்: "குடும்பத்துக்காக நாலு வருசம் கண்ணு முழிச்சேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. இதுக்குத்தான் முழிச்சிருக்காரு."

பிலோமினா சட்டத்தை விளக்கினார். ஒருவர் தன் தீர்ப்பை எதிர்த்துத் தானே மேல்முறையீடு செய்ய முடியாது. பதிலி சொன்னது குணசீலனின் தீர்ப்பு என்பதால் மனு இந்த நிமிடத்தோடு தள்ளுபடி. ஆனால் தீர்ப்பு வழங்கியவர் பணியில் இருந்தால், தன் தீர்ப்பைத் தானே ஒருமுறை மறுபரிசீலனை செய்யலாம்.

பணியில் சேர இடம் இருக்கிறதா என்று செண்பகவல்லி கேட்டார்.

"இருக்கு," என்றார் பிலோமினா. "என் இடந்தான்."

குணசீலன் யோசிக்க வேண்டும் என்றார். என்னத்தை யோசிக்கப்போகிறீர்கள், ஜன்னல் இல்லாத வீட்டில் உட்கார்ந்துகொண்டு யோசியுங்கள் என்றார் மனைவி. ஒப்பந்தம் நாற்பது பக்கம். குணசீலன் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் விரலை வைத்தார். நிபந்தனைகளைப் படித்துவிட்டு ஒப்புக்கொண்ட மனிதர் எந்தக் கோளிலும் இதுவரை பதிவாகவில்லை.

செண்பகவல்லியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். புதியவருக்கு வேலை பழகும்வரை பழையவர் இருக்க வேண்டும் என்பதால் பிலோமினா பக்கத்தில் இருந்து வேலை காட்டினார். மனுக்கள் வரிசைப்படிதான் வரும், தாண்ட முடியாது. பாரபட்சம் கூடாது என்பதால் பெயர்கள் மறைக்கப்பட்டிருக்கும். மறுபரிசீலனைக்கு வந்த குணசீலனின் மனு இருநூற்று ஏழாவது.

முதல் மனுவில் ஒருவர் பாடும் குருவி வாங்கியிருந்தார். வந்த குருவி இருமியது. குணசீலன் மனுவை முழுக்கப் படித்தார், வீடியோவை இரண்டுமுறை பார்த்தார், இருமலைக் கேட்டார். நாற்பது நிமிடம் கழித்துப் பணத்தைத் திருப்பித்தர உத்தரவிட்டார். நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை ஆண்டுகளில் தான் வழங்கிய முதல் நியாயமான தீர்ப்பு என்பது அவருக்கே தெரிந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்த வேகத்தில் தன் முறை வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும்.

இரண்டாவது மனுவுக்கு இருபது நிமிடம். மூன்றாவதற்கு ஆறு. நான்காவதில் ஒரு குழந்தைக்கு வாங்கிய செயற்கைக் காதுகள் இரண்டுமே இடதாக வந்திருந்தன. படித்துக்கொண்டிருக்கும்போதே விரல் பட்டியலின் முதல் வரிக்குப் போய்விட்டது. அவர் தடுக்கவில்லை. தன் வழக்கு நியாயமானது, அதை எட்டுவதற்காக மற்றவற்றைச் சீக்கிரம் கடப்பதும் ஒருவகையில் நியாயம்தான் என்று வைத்துக்கொண்டார். பத்தாவதுக்குப் பிறகு அப்படி எதையும் வைத்துக்கொள்ளத் தேவைப்படவில்லை. கொஞ்சம் மெதுவாகப் பார்க்கலாமே என்று பிலோமினா ஒருமுறை சொன்னார். எனக்கு அனுபவம் உண்டு என்று பதில் வந்தது.

மதியச் சாப்பாட்டை ஒரு கையால் முடித்தார். புகைப்படங்கள் வந்தன, போயின. ஒன்றில் ஒரு பெட்டி, அதற்குள் உலோகத்தில் ஏதோ ஒரு மூட்டு, மேலே சிவப்பாக ஒரு பொட்டு. முழங்காலுக்குப் போய் எவனாவது பொட்டு வைப்பானா என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் விரல் முடித்துவிட்டது.

தண்ணீர் குடிக்கத் தலையைத் தூக்கியபோது எண்ணைப் பார்த்தார். இருநூற்றுப் பதினொன்று.

"இருநூத்தி ஏழு என்னாச்சு?"

"காரணம் ஒன்று," என்றது பதிலி. "தங்கள் பழைய தீர்ப்பைத் தாங்களே மறுபரிசீலனை செய்து உறுதிப்படுத்திவிட்டீர்கள்."

"அதை எடு. நான் பாக்கலை. பாக்காமலே அழுத்திட்டேன்."

"பார்க்காமல் அழுத்தியதைத் தவறு என்று கொண்டால், தாங்கள் இன்று வழங்கிய மற்ற இருநூற்றுச் சொச்சம் தீர்ப்புகளையும் அப்படித்தான் கொள்ள வேண்டும். தங்கள் பழைய தீர்ப்புகள் அனைத்தையும்கூட. அப்புறம் எனக்குத் தெரிந்தது என்று எதுவுமே மிஞ்சாது."

குணசீலன் எழுந்து நின்றார். அப்படியென்றால் இந்த வேலையே வேண்டாம், இப்போதே போகிறேன் என்றார். பதிலி ஒப்பந்தத்தின் முப்பத்தோராம் பக்கத்தைத் திரையில் காட்டியது. அறையில் எப்போதும் ஒரு மனிதர் இருக்க வேண்டும். மாற்று மனிதர் ஒப்பந்தத்தில் விரல் வைக்கும்வரை இருப்பவர் வெளியேறக் கூடாது. பின்னறையில் கட்டிலும் டீ இயந்திரமும் உண்டு. பிலோமினா அங்கே மூன்று ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரும் கடைசிப் பக்கத்தில்தான் விரல் வைத்தவர்.

பிலோமினா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "பொட்டைப் பாத்ததும் சொல்லணும்னு வாயைத் தொறந்தேன் சார். அதுக்குள்ள நீங்க அடுத்ததுக்குப் போயிட்டீங்க," என்றார். உண்மையில் பிலோமினா வாயைத் திறக்கவே இல்லை. அந்த மனு ஜெயித்திருந்தால் இந்த மனிதர் ஒப்பந்தத்தையும் மதிக்காமல் ஏதாவது சண்டை போட்டு எழுந்து போயிருப்பார், அறையில் மறுபடி தான்தான் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஒருமுறை அப்படிப் போனவர்தானே.

கதவு திறந்தது. பெஞ்சிலிருந்து செண்பகவல்லி ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். பிலோமினாவைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, நம்மளுது வந்துச்சா?"

பிலோமினா வேகமாக வெளியே காலை எடுத்து வைத்தார். அவருக்குப் பின்னால் கதவு மூடி, பூட்டிக்கொண்டது.