தொட்டிக்குள் தட்டுவது யார்?

"அய்யோ!"

காஸ் கட்டரைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டே பின்னால் பாய்ந்தார் மெக்கானிக்.

அறுபட்ட இரும்பு மூடி 'ணங்'கென்று பட்டறைத் தரையில் விழுந்தது.

தொட்டிக்குள் முதலாளி உட்கார்ந்திருந்தார். வாய் திறந்து... கண் திறந்து... கையில் சுத்தியலோடு!

உயிர் மட்டும் இல்லை.

அரைமணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். குனிந்து மூடியைப் புரட்டினார். உள்பக்கம் முழுக்கச் சுத்தியல் தழும்புகள்!

"தட்டிட்டே இருந்திருக்காரு மேடம்..." என்றார் கான்ஸ்டபிள். "மூச்சு அடைக்கிற வரைக்கும்."

"நேத்து பட்டறை லீவு. இவருக்கு இங்க என்ன வேலை?"

"லீவு நாள்லதான் உள்ளே இறங்கிச் சுத்தியலால தட்டி ஒழுகல் பார்ப்பாரு" என்றார் மெக்கானிக். "எச்சில் கையால காக்கா ஓட்டாத மனுஷன். இதுக்குன்னு தனியா ஆள் வைப்பாரா?"

"மூடியை வெல்டிங் பண்ணது யாரு?"

"போல்ட் போடற மூடி மேடம் அது! இப்படிப் புழு நெளிஞ்ச மாதிரி எங்க ஆளுங்க யாரும் பத்த வைக்க மாட்டாங்க. கண்ணு தெரியாதவன் வெச்ச மாதிரி..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"முழுங்காதீங்க. யாரு?"

"முதலாளியோட மச்சான். இங்கதான் வெல்டரா இருந்தான். கண்ணு எரியுது, மணலை அள்ளிக் கொட்டின மாதிரி உறுத்துதுன்னு தினமும் புலம்புவான். முதலாளி காதுலயே போட்டுக்கலை. கருவிழி புண்ணாகி... ரெண்டு கண்ணும் போச்சு. இப்ப பின்தெருவுல முதலாளி வீட்டுலதான் இருக்கான்."

ஜீப் பின்தெருவுக்குப் பறந்தது.

வீட்டில் எல்லாத் திரைகளும் இழுத்து மூடியிருந்தன. பகலிலேயே இருட்டு! நாற்காலியில் மச்சான் சிலைபோல் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் அவன் அக்கா... முதலாளியின் மனைவி.

இன்ஸ்பெக்டர் செய்தியைச் சொன்னார்.

"வெளியூர் போறேன்னுதானே சொன்னாரு! நேத்து நிம்மதியாத் தூங்கினேனே... பாவி நான்!"

அவள் கண்களிலிருந்து கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது.

அப்போது மாடிக் குடித்தனத்தில் யாரோ ஆணி அடித்தார்கள்.

டங்... டங்... டங்...

அவள் காதுகளைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒடுங்கினாள்.

"நிறுத்தச் சொல்லுங்க! தட்ட வேண்டாம்னு சொல்லுங்க!"

"அக்கா, சும்மா இரு!" மச்சான் எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினான். "நான்தான் மேடம். அவரு தொட்டிக்குள்ள இருக்கறப்ப நான்தான் மூடியை ஒட்டினேன். விலங்கைப் போடுங்க."

கான்ஸ்டபிள் ஆவலோடு நெருங்கினார்.

"இருங்க!"

இன்ஸ்பெக்டர் எழுந்துபோய் ஜன்னல் திரையைச் 'சரக்'கென்று இழுத்தார்.

வெயில் பாய்ந்தது. முகத்தை மூடிக்கொண்டு வீறிட்டாள் அக்கா!

"புருஷன் செத்த சேதி கேட்டு அஞ்சு நிமிஷம்கூட ஆகலை. இமை ரெண்டும் ராத்திரி பூரா அழுத மாதிரி வீங்கியிருக்கு. ஆனா நீங்க நிம்மதியாத் தூங்கினீங்களாம்! வெளிச்சம் பட்டா ஊசி குத்துது, இல்லையா? அது வெல்டிங் வெளிச்சம் சுட்ட கண்ணு. உடனே வலிக்காது. சில மணி நேரம் கழிச்சுதான் வேலையைக் காட்டும்."

அவள் தம்பியின் கைகளைக் கீழே இறக்கினாள்.

"இவனை விட்டுடுங்க. எங்கப்பா பட்டறையில சின்ன வயசுல வெல்டிங் பிடிச்சுப் பார்த்திருக்கேன். அது போதும்னு நினைச்சேன்."

"ஏன்?"

"'கண்ணு போனா என்ன, வேற வெல்டர் கிடைக்காமலா போயிடுவான்'னாரு மேடம். சாப்பிட்டுக்கிட்டே சொன்னாரு! நேத்து அவரு உள்ளே இறங்கினதும் மூடினேன். தட்டினாரு... வீட்டுக்கு ஓடி வந்து கதவைச் சாத்திக்கிட்டேன். இங்கேயும் தட்டறாரு. தலகாணிக்குள்ள தட்டறாரு மேடம்!"

மாடியில் ஆணிச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. அவள் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாஸ்க் போட்டிருந்தா மாட்டியிருக்க மாட்டீங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் சிரித்தாள். அழுகையைவிடப் பயங்கரமான சிரிப்பு!

"போட்டுக்கிட்டுதான் பிடிச்சேன். என் தம்பியோட மாஸ்க்!"

கட்டிலுக்கடியிலிருந்து அதை எடுத்து நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் அதன் கறுப்புக் கண்ணாடியை நகத்தால் கீறினார். சாயம் உரிந்து வந்தது.

"இது வெல்டிங் கண்ணாடியே இல்லை. சாயம் பூசின பிளாஸ்டிக்! கண்ணுக்கு இருட்டாத் தெரியும். சுடற கதிரைத் தடுக்காது."

"மாமாதான் வாங்கிக் கொடுத்தாரு..." மச்சான் தட்டுத்தடுமாறி அதைத் தடவிப் பார்த்தான். "அசலுன்னு சொன்னாரே அக்கா! அப்ப என் கண்ணு..."

அவள் தோளில் முகம் புதைத்தான்.

மாஸ்க்கைப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டே பெருமூச்சு விட்டார் கான்ஸ்டபிள்.

"உயிரோட இருந்த வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் கொடுக்காத மனுஷன் மேடம்... செத்தப்புறம் பாருங்க, பொண்டாட்டியையே காட்டிக் கொடுத்துட்டாரு!"