ஆமென் சொல்லாத ஜெபம்

மேசைகளில் விரல் புதையும் அளவுக்குத் தூசி கிடந்தது. பெஞ்சுகளில் மட்டும் ஒரு பொட்டுக்கூட இல்லை. காவலுக்கு இருக்கும் வாட்சர் சிறில் துடைத்திருப்பார் என்று றோசலின் டீச்சர் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் சிறில் அந்த வாசலைத் தாண்டுவதே இல்லை.

கொட்டகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை உபதேசியார்களாக்க வெள்ளைக்காரர்கள் கட்டிய செமினரி அது. நூற்றைம்பதாவது ஆண்டு விழாவுக்காகப் பழைய சாப்பாட்டு மண்டபத்தைத் துப்புரவாக்கும் வேலை, வழக்கம்போல, எதையும் மறுத்துப் பேசாத றோசலின் தலையில் விழுந்தது. சனிக்கிழமை என்பதால் மகள் ஜெனுஷாவையும் கூட்டி வந்திருந்தாள்.

காலையில் ஈரத்தில் உப்பிய கதவைத் தோளால் இடித்துத் திறந்த சிறில் வெளியிலேயே நின்றார்.

"டீச்சர், உள்ளுக்கு ஜெபம் மட்டும் பண்ணிறாதீங்க."

"ஏன்?"

"அந்தக் காலத்துல கொள்ளைக் காய்ச்சல் வந்துச்சாம். சீக்கான பிள்ளைங்கள இங்க சாப்பிட உக்கார வெச்சு, நான் ஆமென் சொல்ற வரைக்கும் கண்ணத் தொறக்கக் கூடாதுன்னு பாதிரியார் ஜெபத்தத் தொடங்கினாராம். பாதியில வெளிய வந்து பூட்டிட்டாராம்."

"அப்புறம்?"

"ஆமென் சொல்லவே இல்லீங்க டீச்சர்."

ஜெபத்துக்கே தடை போடுகிறாரே என்று அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மத்தியானம் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே இறங்கியது, காற்று கதவை அறைந்து சாத்தியது, ஜெனுஷா பசிக்கிறது என்று சிணுங்கினாள். றோசலின் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கட்டிய பொதியைப் பிரித்தாள். கை படுமுன்னே கண் தானாக மூடியது. வீட்டில் றோசலின் ஜெபிப்பாள், அவள் நிறுத்தியதும் மகள் ஆமென் என்று கத்துவாள், பிறகுதான் ரொட்டி.

"பிதாவே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்..."

புளித்த கஞ்சி வாடையும் நனைந்த கம்பளி வாடையும் எழுந்தன. அவற்றோடு, முதலில் மழையோ என்று நினைக்கும்படி மெதுவாக, மேசையின் இருபுறமும் மூச்சுகள் கேட்டன.

கண்ணைத் திறந்தாள். பெஞ்சுகள் நிறைந்திருந்தன. குனிந்த சிறு தலைகள். கூப்பிய கைகள். மூடிய இமைகள். ஒருவன் எச்சில் விழுங்கினான்.

ஆமென் சொல்லக் கூடாது. ஜெபத்தை நிறுத்தவும் கூடாது.

"...தோட்டத்துக்காக ஸ்தோத்திரம், மழைக்காக ஸ்தோத்திரம், சிறிலுக்காக ஸ்தோத்திரம்..." வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே, கண்ணை இறுக மூடியிருந்த மகளைக் கைப்பிடித்து நடத்தினாள். பெஞ்சு. இன்னொரு பெஞ்சு. கதவு.

இழுத்தாள். அசையவில்லை. ஒரு கையால் முடியாது. மகளை விட்டாள். இரண்டு கையாலும் பிடித்தாள். மூச்சைப் பிடித்து இழுத்தாள்.

ஜெபம் நின்றது.

"ஆமென்!" என்றாள் ஜெனுஷா.

பின்னால் இமைகள் பிரிந்தன. ஈரமான சத்தம். ஒன்று. இன்னொன்று. பிறகு எல்லாம்.

"அம்மா," ஜெனுஷா திரும்பிப் பார்த்தாள். "இவங்களுக்கும் பசிக்குதாம்."

மேசையில் ரொட்டி அப்படியே இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் ஜெனுஷாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.