ஒரு ஜாடிக் கசப்பு

காலை ஒன்பதரை. பல வாரங்களுக்குப் பிறகு கிடைத்த ஒரே விடுமுறை. இன்ஸ்பெக்டரம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து தம்பியின் அலறல் கேட்டது.

"அக்கா! எவனோ எதையோ கலந்துட்டான்!"

கொலை, கொள்ளை என்று நாயாய் அலைந்துவிட்டு ஒரு நாள் வீட்டில் இருந்தால், வீட்டிலும் ஒரு வழக்கு. தலையில் அடித்துக்கொண்டு எழுந்தாள்.

மேடைமேல் கண்ணாடி ஜாடி. பக்கத்துத் தட்டில் வடிகட்டி சொட்டிக்கொண்டிருந்தது. கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் எவர்சில்வர் வலைக்குழாய் அது. அதில் கொரகொரப்பான காபித்தூளை அடைத்து, பச்சைத்தண்ணீர் ஜாடிக்குள் இறக்கி, இரவெல்லாம் ஃப்ரிஜ்ஜில் வைத்தால் காலையில் கோல்ட் ப்ரூ. அடுப்பே பற்றவைக்காத இந்தக் காபியைத்தான் தம்பி கட்டிக்கொண்டு அழுகிறான். இன்று பதினோரு மணிக்குக் காபிக்கடை முதலாளி ருசி பார்க்க வருகிறார். பிடித்தால் தினமும் கடைக்குச் சப்ளை. பிடிக்காவிட்டால் நாளை முதல் மாமாவின், அதாவது அவள் புருஷனின், ஆடிட் ஆபீசில் ஃபைல் தூக்க வேண்டும். அப்படித்தான் பேச்சு.

அவள் நுனிநாக்கில் ஒரு சொட்டு வைத்தாள். முகம் அஷ்டகோணலானது.

"ராத்திரி வீட்ல யார் இருந்தா?"

"நீயும் நானும்தான். மாமா நேத்து மத்தியானமே வெளியூர் போயிட்டாரே."

"கதவு?"

"உள்பக்கம் தாழ்ப்பாள். காலையிலயும் போட்டபடியே இருந்துச்சு."

"பொடி?"

"அதே பொடி. ஒரு வாரமா சப்புன்னு இருக்குன்னு தினமும் கொஞ்சம் கூட்டிட்டே வந்தேன். நேத்துக் காலையில கச்சிதமா வந்துச்சு. அதே அளவுதான் ராத்திரியும் போட்டேன்."

டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். பொடியில் ஒரு குறையும் இல்லை.

"தண்ணிய ஊத்திக் கலந்து குடேன்டா."

"எவ்வளவு ஊத்த? இருக்கிறது ஒரே ஜாடி. கூடிப்போனா கழனித்தண்ணி! இது மாமா வேலைதான்க்கா. நான் உருப்படக் கூடாதுன்னே பண்ணியிருக்கார். இனி இந்த வீட்ல நான் இருக்க மாட்டேன்."

"ஊர்லயே இல்லாத மனுஷன் எப்படிடா கலப்பார்? வாயை மூடு."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் கவலைதான். தம்பியா, புருஷனா என்று வந்துவிட்டால் எந்தப் பக்கம் நிற்பாள்? ஃப்ரிஜ்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். கழுத்துவரை நிறைந்திருந்தது. கொஞ்ச நாளாகக் காலையில் பார்த்தால் அடியில்தான் தண்ணீர் கிடக்கும். நிரப்பி வைக்க யாருக்கும் கை வராதா என்று தினமும் கத்துவாள். இன்று கத்த வழியில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

பத்தேகாலுக்குப் பையும் கையுமாக ஆடிட்டர் வந்து சேர்ந்தார்.

"என் காபியில என்ன கலந்தீங்க மாமா?" தம்பி பாய்ந்தான்.

"நானா? நான் ஊர்லயே இல்லையே மச்சான்! அந்தச் சாக்கடைத் தண்ணிய நான் நாக்குல வச்சதுகூடக் கிடையாது."

"கசக்குதாம்ங்க," என்றாள் மனைவி.

"கசக்குதா? நேத்துகூட நல்லாத்தானே இருந்து..." அவர் சட்டென்று குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.

இன்ஸ்பெக்டரம்மா பாட்டிலைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். இதற்காகவா ஒரு நாள் லீவு போனது!

"நிமிருங்க. நீங்க ஊர்ல இல்லாததுதாங்க குத்தமே."

இருவரும் விழித்தார்கள்.

"தினமும் முதல்ல எந்திரிக்கிறது யாரு? நீங்க. ஜாடியிலருந்து ஒரு டம்ளர் குடிச்சுட்டு, அளவு குறைஞ்சது தெரியாம இருக்க ஃப்ரிஜ் தண்ணிய ஊத்தி வச்சிருக்கீங்க. இவன் சப்புன்னு இருக்கேன்னு பொடிய ஏத்திட்டே போயிருக்கான். நேத்து ராத்திரி திருட ஆள் இல்ல. தண்ணி சேரல. பாட்டில் நிறைஞ்சபடி இருக்கு, காபி கசக்குது. யாரும் எதையும் கலக்கலடா. கலக்க வேண்டியவர் கலக்காம போனதுதான் வினை."

ஆடிட்டரின் காது சிவந்தது. "முதல்ல சும்மா ஒரு வாய்தான்... அப்புறம் விட முடியல. ஊரெல்லாம் சாக்கடைன்னு சொல்லிட்டு, எப்படி வந்து கேக்குறது?"

"ஒரு வாரமா என் கை ராசியில்லன்னு தூங்காம கிடந்தேன் மாமா!" தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அழுகையெல்லாம் அப்புறம்," என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. "எந்த டம்ளர்?"

ஆடிட்டர் அலமாரியிலிருந்து இருப்பதிலேயே பெரிய டம்ளரை எடுத்து வைத்தார். அவள் நின்று மேற்பார்வை பார்க்க, அவரே ஒரு டம்ளர் மொண்டு தனியே வைத்து, அதே அளவு இன்னொரு டம்ளர் நிறையக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கலக்கினார். கை கொஞ்சமும் தடுமாறவில்லை. நல்ல பழக்கம்.

பதினோரு மணிக்கு வந்த முதலாளி ஒரு வாய் குடித்தார். கிளாஸைக் காலி செய்துவிட்டு மறுபடியும் நீட்டினார்.

"நாளையிலருந்து கொண்டு வந்துடு தம்பி."

அவர் படியிறங்கியதும் தம்பி மாமாவின் பக்கம் திரும்பினான். "உங்களுக்குன்னு தனி ஜாடி போட்டுத் தர்றேன். என் ஜாடி இருக்கிற பக்கம் தலைவச்சுப் படுத்துடாதீங்க."

ஆடிட்டர் பவ்யமாகத் தலையாட்டினார். பிறகு, மொண்டு வைத்த டம்ளரை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அதுல பொடிய மட்டும் குறைச்சுடாத மச்சான். நான் குடிச்சதெல்லாம் தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி. எனக்கு இந்தக் கசப்புதான் பிடிக்கும்."

பிடிபட்ட திருடன் ருசி சொல்லிக் கேட்பதை, இத்தனை வருஷ சர்வீசில் அவள் இன்றுதான் பார்த்தாள்.