திரையில் ஒரு கண்

2024 ஆகஸ்டில், கல்முனையில் மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையைச் சிறு நாடகக் குழு ஒன்று வாடகைக்கு எடுத்தது. சனிக்கிழமைதோறும் ஒரு நாடகம் போடுவது திட்டம். முதல் நாடகம் சிறுவர்களுடையது.

பதினொரு வயது சிபானாதான் அதில் கடலரசி. வசனம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம்.

ஆனால், ஆலைக்குள் என்னவோ நடந்துகொண்டிருந்தது.

மீனவனாக நடித்த அர்ஹமின் இடுப்புச் சாரன் ஒருநாள் ஒத்திகையில் கிழிந்தது. மறுநாள் கிழிசலைக் காணவில்லை.

"ரீச்சர், நீங்களா தைச்ச?"

நாடகத்தைப் பழக்கிய சர்மினி ரீச்சர் சிரித்தார். "எனக்கு ஊசியில நூல் கோர்க்கவே தெரியாது மகன்."

அடுத்து, மேடையின் பின்திரையில் இருந்த ஓட்டையில், கூட நடித்த முஸ்பிறா ஒரு கண்ணைக் கண்டாள். அது இமைத்ததாம்.

பிறகு ஒருநாள், தரைத் தூசியில் ஈரக் கால் பதிந்து காய்ந்த தடங்கள். பின்கதவில் தொடங்கி, திரைக்குப் பின்னால் பாதி வழியில் அவை மறைந்துபோயின. திரும்பிப் போன தடமே இல்லை.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னதும் ஒத்திகை முடியும். எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒருநாள் மறந்துபோன தண்ணீர்ப் போத்தலை எடுக்கப் போன அர்ஹம், போத்தல் இல்லாமலே ஓடிவந்தான்.

"திரையில கறுப்பா ஒண்டு! கூர வரைக்கும் வளந்திச்சி. பொறகு குறுகிக் குறுகி நிலத்துக்குள்ள போயிட்டு!"

"ஜின்தான்," என்றாள் முஸ்பிறா. "உம்மா இனி என்ன இங்க விடமாட்டா."

"தைச்சுத் தாற ஜின் நம்மள என்ன செய்யும்?" என்று கேட்டாள் சிபானா.

"மொதல்ல உடுப்பத் தைக்கும். பொறகு நம்மளத் தைக்கும்," என்றான் அர்ஹம்.

மறுநாள் ஒத்திகைக்குப் பாதிப் பேர் வரவில்லை. ரீச்சர் முகம் வாடினார். "நாளைக்கும் ஆள் இல்லாட்டி நாடகத்த நிப்பாட்டத்தான் வேணும்."

அன்று பாங்கு சொன்னதும் சிபானா வீட்டுக்குப் போகவில்லை. ரீச்சரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனாள்.

பழைய உமியின் வாசம். மேலே வௌவால்களின் சிறகடிப்பு. நெல் கொட்டும் இரும்புத் தொட்டி இருட்டில் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

திரைக்குப் பின்னால் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

நிழல் எழுந்தது. அதற்கு முகமில்லை, முடியில்லை. தலையிலிருந்து கால்வரை ஒரே உருவம். அது குனிந்தது, நிமிர்ந்தது. பிறகு நிலத்தோடு நிலமாகச் சுருங்கிப்போனது.

சிபானா தெரிந்ததையெல்லாம் வாய்க்குள் ஓதினாள்.

உட்கார்ந்திருந்த நிழல் தலையை மெதுவாக வலப்பக்கம் திருப்பியது. பிறகு இடப்பக்கம்.

சிபானா ஓதுவதை நிறுத்தினாள். உம்மாவும் தொழுது முடிக்கும்போது இப்படித்தானே ஸலாம் கொடுப்பார்!

நிழல் கையேந்தி துஆக் கேட்டு முடியும்வரை பொறுத்திருந்தாள். பிறகு திரையைச் சுற்றிக்கொண்டு போனாள்.

வெள்ளைத் தொழுகை உடுப்போடு இருந்தவர், ஆலைக்குப் பின்வீட்டு நஸீறா மாமி. பக்கத்தில் ஒரு டோச் லைற், ஊசி, நூல்.

"அல்லாவே! நீயா புள்ள? பயத்துல நெஞ்சே நிண்டிட்டு!"

"மாமி, உங்களுக்குப் பயந்துதான் நாங்க நாடகத்தையே விடப்போறம்!"

மாமி தலைகுனிந்தார். "நாடகக் குழு ஆம்புளையள் இருக்கிற இடத்துல முன்னால வந்து இருக்க எனக்குக் கூச்சம் மகள். இந்த ஓட்டையாலதான் பாக்கிற. சும்மா பாக்கலாமா? அதான் தைச்சுக் குடுத்தன். பாங்கு சொன்னா, பின்னால பைப்புல கைகால் கழுவி ஒளு எடுத்து இங்கயே தொழுதிருவன்."

"எல்லாத்தையும் தைச்சீங்க. இந்த ஓட்டைய ஏன் விட்டீங்க?"

"அதத் தைச்சா நான் எதால பாக்கிற?" மாமி அவள் கையைப் பிடித்தார். "ஒருத்தருக்கும் சொல்லிராத."

அடுத்த நாள் சிபானா எல்லோரையும் வீடு வீடாகப் போய்க் கூட்டிவந்தாள்.

"அது ஆள். தொழுதவங்க."

"ஆரு?"

"சொல்லமாட்டன்."

"ஜின்னும் தொழுமாமே!" என்றான் அர்ஹம்.

"ஜின்னுக்கு டோச் லைற் எதுக்குடா?"

சிபானா ரீச்சரின் காதருகே போய் ஏதோ கேட்டாள். ரீச்சர் யோசித்துவிட்டு, "ஓம், செய்யலாம்," என்றார்.

சனிக்கிழமை பிற்பகல், அஸர் தொழுகைக்குப் பிறகு முதல் காட்சி நடந்தது. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் மட்டும். கதிரை போதாமல் பாய் விரித்தார்கள். நஸீறா மாமி முன்வரிசையில் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தபோது, திரையில் இருந்த ஓட்டை தைக்கப்பட்டிருந்தது.