எட்டு மைக்ரான் பழி

“தொடாமலே அளக்கிற கருவியை நான் எப்படிண்ணே தொட்டுக் கெடுத்தேன்?” என்று வேலைநீக்கக் கடிதத்தை மேசையில் போட்டாள் ஆபரேட்டர். நாலு பேரிடம் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

அளவுக்கருவி பழுது பார்ப்பவரை ஊரே ‘மில்லிமீட்டர்’ என்றுதான் கூப்பிட்டது. அவர் நிதானமாகக் கடிதத்தைப் படித்தார். இரண்டு உருளைகளுக்கு நடுவே தகடு ஓடும் இயந்திரம். உருளை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கெப்பாசிட்டிவ் சென்சார் சொல்லும். நான்கு நாள் அது எட்டு மைக்ரான் குறைத்துக் காட்டியிருக்கிறது. அதை நம்பி அவள் உருளையை விலக்க, தகடு தடித்துப் பாழானது.

“மாமா, இது எதிரிக் கம்பெனி சதி!” என்று துள்ளினான், பட்டறையில் கூட இருந்த அவர் மைத்துனன்.

“நீ கொஞ்சம் சும்மா இரு. ஏம்மா, நாலும் வெள்ளிக்கிழமையா இருக்கே?”

“கம்பெனித் தலைவர் வர்ற நாள். மேலாளரே துணியும் கையுமா நின்னு, மாப்பிள்ளை முகம் மாதிரி உருளையை மினுக்குவார். வேற ஒரு வேலையும் அவருக்குத் தெரியாது.”

“தொட்டு அளக்கிற கேஜ் வச்சுப் பார்த்தியா?”

“அது சரியாத்தான் காட்டுச்சு. ‘உலகத்திலேயே துல்லியமான சென்சார் சொல்றதை மறுத்துப் பேசுறியா’ன்னு மேலாளர் வாயை அடைச்சுட்டார்.”

அடுத்த வெள்ளியன்று தலைவர், மேலாளர், ஆபரேட்டர் எல்லோரையும் மில்லிமீட்டர் இயந்திரத்தருகே நிறுத்தினார். உருளை கண்ணாடிபோல் மின்னியது. ஐந்நூறு மைக்ரான் காட்ட வேண்டிய திரை நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு காட்டியது.

“விலைப்பட்டியல்ல முதல் பக்கம் பார்த்தே வாங்கினேன்,” என்றார் மேலாளர் மார்பை நிமிர்த்தி.

“ஒன்பதாம் பக்கம் வரைக்கும் போயிருக்கலாம் சார். நடுவுல காத்து மட்டும்தான் இருக்குன்னு நம்பித்தான் இது கணக்குப் போடும். நீங்க மினுக்குற துணியில இருக்கிற எண்ணெய் படிஞ்சா, உருளை கிட்ட வந்துட்டதா ஏமாந்துடும். அதான் தப்பு எப்பவும் ஒரே பக்கமா வருது. யாராவது கை வச்சிருந்தா கூடவும் குறையவும் வந்திருக்கும். தொட்டு அளக்கிற கேஜோட முனை எண்ணெயைத் தள்ளிட்டு இரும்பைத் தொடும், அதனால அது ஏமாறல. சுத்தமான, உலர்ந்த இடத்துக்கு இதை மிஞ்ச ஆளில்ல. எண்ணெய் படுற இடத்துக்குச் சுழல்மின்னோட்ட சென்சார் வாங்கணும். அது உலோகத்தை மட்டும்தான் பார்க்கும், எண்ணெயைக் கண்டுக்கவே கண்டுக்காது.”

“எல்லாம் வாய்ப்பேச்சு!” என்றார் மேலாளர்.

“துடைச்சுப் பார்த்துடுவோம்.”

சுற்றிலும் கிடந்த துணியெல்லாம் எண்ணெயில் ஊறியிருந்தது. ஆபரேட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். ஆத்திரம் தீரும்வரை அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

திரையில் ஐந்நூறு.

தலைவர் தொண்டையைச் செருமினார். “நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்துடும்மா.”

“அந்தக் கடிதம் கோப்புக்கு வேணும்,” என்றார் மேலாளர். ஏதாவது ஒன்றையாவது காப்பாற்றியாக வேண்டுமே.

அவள் தாளை விரித்து நீட்டினாள். அவருடைய கையெழுத்து எண்ணெயில் ஊறி மினுமினுத்தது.

“எடுத்துக்குங்க சார். நீங்க கேக்குற பளபளப்பு இதுலயும் குறையல.”