மூணாம் நம்பர் கொப்பரை

ஆளில்லாத காய்ச்சுக்கூடத்துக்குள் யாரோ வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரும்புப் படியில் கால் வைத்ததுமே காசிநாதனுக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. கர்ர்க்... கர்ர்க்... குழாய்க்குள் கம்பி பிரஷ்ஷை விட்டு இழுக்கிற சத்தம். சர்க்கரை ஆலையில் பிட்டராக இருந்து, வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிய சத்தம்தான். ஆனால் இன்றைக்கு அது கேட்கக் கூடாது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் நடந்த சாலை மறியல் நேற்றுதான் ஓய்ந்திருந்தது. வழியெல்லாம் வெட்டிச் சாய்த்த புளியமரங்களை இன்னும் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்வராயன் மலைமேல் இருக்கிற வெள்ளிமலைக்கு ஒரு பஸ்கூட ஏறவில்லை. அங்கிருந்து கூலிக்கு வந்து குழாய் சுரண்டுகிற ஆட்கள் எப்படி வந்திருக்க முடியும்?

மேலே ஏறினான். சத்தம் நின்றுவிட்டது.

அரவை இல்லாத காலத்தில் அந்தக் கூடம் பகலிலும் இருட்டிக்கொண்டுதான் கிடக்கும். புளித்த கழிவுப்பாகின் வாடை, எண்ணெய்ப் பிசுக்கு, ஈரச் சாக்கு எல்லாம் கலந்து மூக்கில் ஏறியது. அதற்கெல்லாம் அடியில் வேறொரு வாடையும் இருந்தது. பெருச்சாளி ஏதாவது செத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வரிசையாக நின்ற கொப்பரைகளில் மூன்றாவதன் பக்கம் மட்டும் அவன் கண் போக மறுத்தது.

கொப்பரை என்றால் கல்யாண வீட்டில் பாயசம் வைக்கிற கொப்பரை இல்லை. கரும்புச்சாற்றைச் சுண்டக் காய்ச்சுகிற, இரண்டு மூன்று ஆள் உயரத்துக்கு நாலாப் பக்கமும் மூடிய இரும்புக் கூண்டு. உள்ளே நூற்றுக்கணக்கில் குழாய்கள். அவற்றில் கல்லாகப் படிந்த காறலைச் சுரண்ட ஆள் உள்ளே இறங்க வேண்டும். சுரண்டுகிற இரைச்சலில் அவனுக்கு வெளிச் சத்தம் எதுவும் கேட்காது. நுழைவதற்கு ஒரு சின்ன வாசல், அதற்கு நட்டுப் போட்டு முறுக்குகிற மூடி. உள்ளே போகிறவன் தன் செருப்பை வாசலுக்கு நேரே கழற்றி வைத்துவிட்டுப் போவான். செருப்பு கிடக்கிறவரை எவனும் மூடியைத் தொடக் கூடாது. யாரும் போட்ட சட்டமில்லை, ஆனால் எந்தச் சட்டத்தையும்விடக் கறாராக நடந்து வந்தது.

மூணாம் நம்பரைச் சுரண்ட மலையிலிருந்து வந்த வேடியப்பனிடம் செருப்பே கிடையாது. நிரந்தர ஆட்களுக்குக் கம்பெனி பூட்ஸ் கொடுத்தது, மலைக்கூலிக்கு யார் கொடுப்பார்கள்? முதல் நாள் அவன் வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"மேஸ்திரி, நான் எத்த வெச்சிட்டுப் போறது?"

காசிநாதன் சிரித்துவிட்டான். பூட்ஸ் மாட்டுவதற்காகக் கழற்றிய தன் ரப்பர் செருப்பையே அங்கே போட்டான். "இது இங்க கெடக்கற வரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆவாது, போடா" என்றான். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

மறியல் தொடங்கிய அன்று, தியாகதுருகம் சாலையில் மரம் சாய்க்கிறார்கள் என்று செய்தி வந்ததும் சங்கு ஊதினார்கள். "மூடியெல்லாம் போட்டுட்டு ஓடுங்கய்யா, பெருச்சாளி பூந்துடும்!" என்று இன்ஜினியர் அரங்கநாதன் கத்தினார். சுரண்டுகிறவர்கள் அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு பறந்தார்கள். காசிநாதனும் எப்படியாவது வீடு போய்ச் சேர்ந்தால் போதுமென்று பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, மூணாம் நம்பர் வாசலில் கிடந்த தன் செருப்பை மாட்டினான். நிமிர்ந்து பார்த்தான். வாசலில் செருப்பு எதுவும் இல்லை. மூடியைப் போட்டு முறுக்கினான்.

வீட்டு வாசலில் அதே செருப்பைக் கழற்றும்போதுதான், அது வேடியப்பனுக்காகப் போட்டு வைத்திருந்த செருப்பு என்பது நினைவுக்கு வந்தது. அப்படியே திரும்பி ஓடியிருக்கலாம், அவன் வீடு இருந்த தியாகதுருகத்திலிருந்து நடக்க முடியாத தூரமா ஆலை? ஆனால் வழியில் மரம் கிடக்கிறது, போலீஸ் நிற்கிறது என்றார்கள். வேடியப்பன் அதற்கு முன்பே வெளியே வந்திருப்பான் என்று மனசு ஒரு பொய்யை எடுத்துக் கொடுத்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தான். ஒவ்வொரு நாளும் விடிந்தது, ஒவ்வொரு நாளும் போய்த் திறக்கிற தைரியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அடப் பாவி, இரண்டாம் நாளாவது போயிருக்கக் கூடாதா!

"மேஸ்திரி..."

திரும்பிப் பார்த்தான். படிக்குக் கீழே ஒரு பெண் நின்றாள். வேடியப்பனின் மனைவி பூமாலை. முழங்கால் வரை புழுதி.

"அவுரு இன்னும் வூட்டுக்கு வரலீங்க. இங்கியே தங்கிக்கினாரா?"

"அன்னைக்கே போய்ட்டானே! மரம் வெட்டறாங்கன்னதும் எல்லாரும் கெளம்பிட்டாங்க. மூணாம் நம்பருக்குள்ள யாரும் இல்ல."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். மூணாம் நம்பரைப் பற்றி அவள் எங்கே கேட்டாள்? சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. பூமாலை அவன் முகத்தையே பார்த்தாள்.

"வழியில எங்கியும் இல்லீங்க. நான் நடந்துதான வந்தேன்."

நடந்து. கல்வராயன் மலையிலிருந்து, வெட்டிப் போட்ட அத்தனை மரங்களையும் தாண்டி. காசிநாதன் நாணிக் குறுகிப்போனான். "கேட்ல போய் வாட்ச்மேனைக் கேளும்மா" என்று அவளை அனுப்பினான்.

அவள் நகர்ந்ததும் அரங்கநாதன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"இன்னாய்யா காசி, பெருச்சாளி செத்துக் கெடக்குதா? ஆளுங்க வர்ற மாதிரி தெரியல. சுரண்டினவரைக்கும் போதும். மூணாம் நம்பர்ல காஸ்டிக் சோடாத் தண்ணிய ஏத்திக் கொதிக்க வுடு, மிச்சக் காறல் தானா கரைஞ்சுடும்."

கொதிக்கிற சோடாவில் காறல் மட்டுமா கரையும்? காசிநாதனுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் வேலை போகும், ஜெயில், மகள் ராதிகாவுக்குப் பேசி வைத்த கல்யாணம் நின்றுபோகும். திறக்காவிட்டால் வேடியப்பன் மறியல் கலவரத்தில் காணாமல் போனவனாகிவிடுவான். அதோடு முடிந்தது.

"சரிங்க சார்" என்றான். அந்தச் சொல் அவன் வாயிலிருந்துதான் வந்தது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இன்ஜினியர் போய்விட்டார். காசிநாதன் வால்வைத் திருப்பினான். சோடாத் தண்ணீர் இரைச்சலோடு கொப்பரைக்குள் இறங்கியது.

கர்ர்க்.

அவன் கை வால்விலேயே ஒட்டிக்கொண்டது.

கர்ர்க்... கர்ர்க். அடியில். ஒரு குழாய் முடிந்து அடுத்த குழாய். அவசரமே இல்லாமல், மேஸ்திரி திட்டிவிடக் கூடாதே என்கிற பொறுப்போடு.

நீராவி வால்வையும் திறந்தான். வேகவேகமாக. இரும்பு முனகியது. சூடு முகத்தில் அடித்தது. கொதி வந்தது.

சத்தம் நிற்கவில்லை.

தண்ணீரோடு சேர்ந்து மேலே ஏறியது. இரும்புச் சுவரின் உள்பக்கம். முழங்கால் உயரம். இடுப்பு. மார்பு.

"போதும்டா" என்றான். "வேடி, என்னை மன்னிச்சுடு. நான்தான் மூடினேன். போதும்டா, வுட்டுடு."

நின்றது.

உள்ளே கொதிப்பதைப் பார்ப்பதற்காகக் கொப்பரையின் பக்கவாட்டில் தாம்பாளம் அகலத்துக்குக் கண்ணாடி பதித்திருந்தார்கள். ஒரு வருஷக் காறல் அப்பி, பழுப்பேறிக் கிடந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு கோடு விழுந்தது.

உள்பக்கம்.

இன்னொரு கோடு. பிறகு அகலமாக. ஒரு உள்ளங்கை. தோல் வெந்து வெளுத்த உள்ளங்கை, சுற்றிச் சுற்றித் துடைத்தது.

பின்னால் காலடி. வெறுங்கால். பூமாலை கேட்டுக்குப் போகவே இல்லை. படிக்குக் கீழே இருட்டில் மறைந்து நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போய், கொதிக்கிற கண்ணாடியில் தன் கையை அழுத்தி வைத்தாள். சுர்ரென்றது. கருகுகிற வாடை. அவள் எடுக்கவில்லை.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. விரல் விரலாக வந்து, அவள் விரல்களுக்கு நேரே பதிந்தது.

"தொறங்க மேஸ்திரி" என்றாள். "உள்ளதான் இருக்காரு."

காசிநாதனால் அசைய முடியவில்லை. திறந்தால் கொதிக்கிற சோடா அவள் மேல்தான் பாயும். உள்ளேயிருந்து இன்னொரு கை வந்தது. ஒரு கையை அவளிடமே விட்டுவிட்டு, அந்தக் கை கண்ணாடியின் மிச்ச அழுக்கைத் துடைக்க ஆரம்பித்தது, காசிநாதன் நின்றிருந்த பக்கமாக.