யானைப் பள்ளத்துச் சுருள்நாவல்

கூனிமலையில் மட்டுமே வளரும் கூனிநாவல் மரங்கள், உலகத்திலேயே மொத்தம் பதினொன்றுதான். பதினொன்றும் ஆண்டு தவறாமல் பூத்தன. ஒன்றுகூடக் காய்க்கவில்லை!

காரணத்தைக் கண்டுபிடித்தவள் தாவரவியல் ஆய்வாளர் தமயந்தி. மரபணுவைச் சோதித்தபோது பதினொன்றும் ஒரே மரம் என்று தெரிந்தது. ஒரே வேரிலிருந்து முளைத்துப் பரவியவை. ஒன்றின் மகரந்தம் மற்றொன்றில் பிடிக்கவே பிடிக்காது. அந்த முதல் மரமே ஒரு கலப்புப் பிறவி. தந்தை, மலையெங்கும் நிற்கும் மலைநாவல். தாய், தொண்ணூறு ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாத சுருள்நாவல். பழைய ஆவண அறையில் அதன் காய்ந்த இலை ஒன்று இருந்தது. அடியில் ஒரே வரி: மூன்றாம் அருவிக்கு மேற்கே, யானைப் பள்ளம்.

அந்த வரியை நம்பி மூன்று பேர் கிளம்பினார்கள். தமயந்தி, கயிறேறும் ஜெபராஜ், வழிகாட்டக் காணிக்குடி என்ற மலையூரிலிருந்து வந்த, தேனெடுக்கும் நீலம்மா.

நான்கு நாள் மழை. அட்டைகள் காலுறைக்குள் புகுந்து ரத்தம் குடித்தன. மூன்றாம் அருவியைத் தாண்டி மேற்கே ஏறியதும் நீலம்மா சட்டென்று நின்றாள்.

"டீச்சர், பள்ளத்தையே காணோம்!" என்றாள் தமயந்தியிடம்.

எதிரே செம்மண் சரிவு. மலையின் ஒரு பக்கம் அப்படியே இடிந்து இறங்கியிருந்தது. வேர் மேலாகக் கிடந்த அடிமரங்களில் சுருள்நாவல் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எல்லாமே மட்கிப் போனவை.

"போன வருஷ மழையில மலை இடிஞ்சதுன்னாங்க. இவ்வளவுன்னு தெரியாது" என்றாள் நீலம்மா.

"ஒரு வருஷம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றாள் தமயந்தி.

மறுநாள் காலை மூட்டை கட்டும்போது நீலம்மா கையை உயர்த்தினாள். "சத்தம் போடாதீங்க! தேனீ எல்லாம் விளிம்புக்குக் கீழதான் போகுது. அங்க ஏதோ பூத்திருக்கு."

எட்டிப் பார்த்தார்கள். செங்குத்துப் பாறையின் இடுக்கில், பாதி வேர் காற்றில் தொங்க, ஒரு மரம்!

"விளிம்பு என் கனத்தைத் தாங்காது மேடம்" என்றான் ஜெபராஜ்.

"நான் இறங்குறேன். இறுக்கிப் பிடிங்க" என்றாள் தமயந்தி.

கயிறு பாறையில் உரசியது. கைக்கெட்டிய கொப்பில் இலைகளின் ஓரம் சுருண்டிருந்தது. சுருள்நாவலேதான் என்று நினைத்தாள். கொப்பை ஒடித்த அதே நொடியில் காலடி மண் சரிந்தது! தோள்பை கழன்று பாதாளத்தில் விழுந்தது. கொப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் கயிற்றைப் பற்றினாள்.

"இழுலே... விட்றாதே!" நீலம்மாவின் அலறல் மலையெங்கும் கேட்டது.

மேலே வந்து விழுந்தபோதும் தமயந்தி வாயைத் திறக்கவில்லை. ஜெபராஜ்தான் கொப்பை மெல்ல விடுவித்தான். மூவரும் சேற்றில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

மூன்று வாரத்தில் கொப்பின் மரபணுச் சோதனை முடிவு வந்தது. அது சுருள்நாவல் அல்ல. அதுவும் கலப்பு மரம்தான்.

"அப்போ தாய்மரம்?" என்றான் ஜெபராஜ்.

"மண்ணுக்குள்ள போயிருக்கும். இனி தேட இடமே இல்லை."

தமயந்தி முடிவுத் தாளை மறுபடி எடுத்துப் படித்தாள். அந்த மரம் வேறொரு சுருள்நாவல் தாய்க்கு, வேறொரு சேர்க்கையில் பிறந்தது. அப்படியானால் அதன் மகரந்தம் இந்தப் பதினொன்றில் பிடிக்கலாம்!

அடுத்த பூப்பில் மறுபடி கயிறு கட்டி இறங்கி மகரந்தம் எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் பெய்த மழையில் பாறையோடு அந்த மரமும் போய்விட்டது.

எடுத்து வைத்திருந்த மகரந்தத்தைக் கூனிநாவலின் முந்நூறு பூக்களில் தூரிகையால் தடவினார்கள். நான்கு காய்த்தன. இரண்டு முளைத்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை, வளர்ந்தால் ஒன்றையொன்று காய்க்க வைக்கக்கூடும் என்று சோதனை சொன்னது. ஒன்றின் இலை மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"பிழைக்குமா டீச்சர்?" நீலம்மா கேட்டாள்.

"தெரியல. ஆனா ரெண்டையும் ஒரே சரிவுல நட வேண்டாம்."

நீலம்மா மஞ்சள் கன்றிருந்த தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அப்போ இது எங்க ஊர்ப் பக்கம் இருக்கட்டும். நான் தண்ணி ஊத்துறேன்" என்று சொல்லி, ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.